மூன்றாம் மூட்டைக்குப் போகும் வழி

பேஸ்பால் ஆட்டத்தில் ஓடுகிறவளுக்குக் கோட்டின் இந்தப் பக்கம் மூன்று அடி, அந்தப் பக்கம் மூன்று அடி இடம் உண்டு. பந்தைக் கையில் வைத்திருப்பவள் தொட வந்தால், அந்த மூன்று அடிக்குள்தான் வளைந்து நெளிந்து தப்பிக்க வேண்டும். அதையும் தாண்டி விலகி ஓடினால், அவள் தொடாவிட்டாலும் அவுட். இதை முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் வரப்பு முழுசாகவே ஒன்றரை அடி தேறாது. அதில் புல்லுக்கட்டோடு ஓடிப் பழகியவளுக்கு, இரண்டு பக்கமும் மூன்று அடி என்றால் மெட்ராஸ் ரோடு கொடுத்த மாதிரி. இத்தனை அகலத்தில் எவளாவது வழி தவறிப் போவாளா என்று நினைத்தேன். அந்த வருடம் எங்கள் பள்ளியில் வழியை விட்டு விலகி அதிகமாக அவுட் ஆனவள் நான்தான்.

எங்கள் ஊர் புதுவாயலில் இறங்கி, வயல் வழியாக உள்ளே நடக்க வேண்டிய ஊர். அறுபதுகள் முடிந்துகொண்டிருந்தன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன, யார் யாரோ வந்து நிலத்தை அளக்கிறார்கள் என்று பேச்சு மட்டும் இருந்தது. கம்பெனி ஒன்றும் இன்னும் வந்தபாடில்லை. நைனா, அதாவது என் அப்பா, பெரிய வீட்டு நிலத்தில் வேலை செய்தார். எங்கள் குடிசை நின்ற மனையும் பெரிய வீட்டுக்குச் சொந்தமானதுதான். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்பதால், ஆரணி ஆற்றங்கரைப் பக்கம் இருந்த ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் விடுதியோடு எனக்கு இடம் கிடைத்தது.

அந்தப் பள்ளிக்கு எப்படி பேஸ்பால் வந்தது என்று கேட்டால், எப்போதோ இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பும்போது ஒரு மட்டையையும் நாலைந்து தோல் கையுறைகளையும் விட்டுவிட்டுப் போனார் என்பார்கள். அது அலமாரியில் பூச்சி அரித்துக்கொண்டு கிடந்தது. மெட்ராஸில் பயிற்சி முடித்து எங்களுக்கு டிரில் டீச்சராக வந்தவர் அதை வெளியே எடுத்தார். ஆட்டத்துக்கு நாலு மூலை வேண்டும். கிளம்புகிற மூலையில் ஒரு பலகையைப் பதித்தோம். மற்ற மூன்று மூலைகளிலும் தவிடு அடைத்த சாக்கு மூட்டைகளைப் போட்டோம். அதனால் எங்களுக்கு அவை முதல் மூட்டை, இரண்டாம் மூட்டை, மூன்றாம் மூட்டை. பந்தை அடித்தவள் மட்டையைப் போட்டுவிட்டு மூட்டை மூட்டையாக ஓடிச் சுற்றி, கிளம்பிய பலகைக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூட்டையை மிதித்துக்கொண்டு நிற்கும்வரை உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மூட்டைகளுக்கு நடுவே இருக்கும்போது பந்தோடு வந்து தொட்டால் வெளியே போக வேண்டியதுதான்.

பாவாடையைத் தூக்கிச் செருகி, தாவணியை இடுப்பில் முறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுவோம். நான் நன்றாக ஓடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்போது அந்தப் பள்ளியில் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. டிரில் டீச்சரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் யாராவது குறுக்கே நின்றால் போதும், என் கால் தானாக இறங்கிவிடும். புல்லில், மண்ணில், மைதானத்துக் கோடியில் இருந்த கள்ளிச்செடி வரை கூடப் போய்ச் சுற்றி வந்திருக்கிறேன். சுற்றி வருவதற்குள் பந்து வந்துவிடும். அவள் கையை நீட்டும்போது நான் கோட்டிலிருந்து எங்கேயோ இருப்பேன். “அவுட்!” என்று விசில் ஊதுவார் டீச்சர்.

“உனக்கு ஓடத் தெரியுது, நிக்கத் தெரியுது, வழியில போகத் தெரியல. இது இன்னா வியாதி?” என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த வருடம் திருவள்ளூரில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியும் இதே ஆட்டத்தை ஆடத் தொடங்கியிருந்தது. அவர்கள் ஒருமுறை எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்ணும் இருந்தாள். அவள் திருவள்ளூரில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று தெரியும். இந்த ஆட்டம் ஆடுகிறாள் என்று தெரியாது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்று மட்டும்தான் சொல்ல முடியும். நைனாவின் பெண் என்று அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அவள் அவர்களுடைய மூன்றாம் மூட்டைக்காரி, அதாவது அந்த மூட்டையைக் காத்து நிற்பவள்.

அன்றைக்கு நான் இரண்டாம் மூட்டையிலிருந்து மூன்றாவதுக்கு ஓடினேன். பந்து இன்னும் தூரத்தில் யார் கையிலோ இருந்தது. இவள் மூட்டைக்கு முன்னால், சரியாகக் கோட்டின் மேல், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு பந்துக்காகக் காத்து நின்றாள். நான் இறங்கினேன். யோசித்து இறங்கவில்லை. கண் அவளைப் பார்த்தது, கால் கோட்டை விட்டுப் போய்விட்டது. சுற்றி வந்து மூட்டையை எட்டுவதற்குள் பந்து அவள் கைக்கு வந்து, அவள் என் பக்கம் கையை நீட்டினாள். நடுவர் விரலை உயர்த்தினார்.

அவுட் ஆனதுகூட எனக்கு வலிக்கவில்லை. நான் விலகியதைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவே இல்லை, அதுதான் வலித்தது. மழை பெய்தால் ஈரமாகும் என்பது போல அவளுக்கு அது இயல்பாக இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது, அந்த நிமிடம்வரை.

எங்கள் ஊரில் வரப்பில் நடக்கும்போது நைனா முன்னால் போவார், அம்மா, நான், தங்கைகள் பின்னால் வரிசையாக வருவோம். எதிரே பெரிய வீட்டு ஆள் யார் வந்தாலும் நைனா சேற்றில் இறங்கிவிடுவார். அவர் இறங்கினால் நாங்களும் இறங்குவோம், யார் வருகிறார்கள் என்றுகூடப் பார்க்க மாட்டோம். பெரியவர்தான் என்றில்லை, அவர் வீட்டுப் பொடிசு ஒன்று மாம்பழத்தைச் சப்பிக்கொண்டு வந்தாலும் இறங்க வேண்டும். தலையில் சுமை இருந்தாலும் இறங்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்த நினைவே இல்லை. சாப்பிடும்போது வாயைத் திறக்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அது மாதிரிதான்.

அன்று மாலை டீச்சர் என்னைக் கூப்பிட்டார். “அவ கையில பந்து இல்லாதப்ப வழி உன்னுது. அவதான் நகரணும். நீ நேரா போயிருந்தா, அவ மறிச்சான்னு நடுவரே உனக்கு மூட்டையக் குடுத்திருப்பார். நீயா எறங்கிப் போயிட்டா அவர் எதைப் பாத்து குடுப்பார்? அடுத்த மேட்ச் திருவள்ளூர்ல. அதுக்குள்ள இத மாத்திக்க. இல்லன்னா நீ பெஞ்சில உக்காந்து வேடிக்க பாரு.”

அவர் மிரட்டத் தேவையே இல்லை. நான் முடிவு செய்துவிட்டேன். திருவள்ளூரில் அந்த மூன்றாம் மூட்டைக்கு நான் கோட்டின் மேலேயே போய்ச் சேருவேன். தலைகீழாக நின்றாவது போய்ச் சேருவேன்.

விடுதியில் என் பக்கத்துப் பாய் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்ணுடையது. அவள் அப்பாவும் அண்ணன்மாரும் ஏரியில் மீன் பிடிப்பவர்கள். அவளுக்கு வாய் நீளம், பயம் என்பது மருந்துக்கும் கிடையாது. எனக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். காலையில் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போகும் வழியில் ஆள் ஆளாகப் பெண்களை நிறுத்திவைத்து, என்னை நேராக நடக்கச் சொன்னாள். அவள் குறுக்கே நின்றால் இடித்துக்கொண்டு போனேன். சமையல்கட்டு ஆயாவின் மகள் நின்றாலும் அப்படியே. சபாஷ் என்றார்கள். பிறகு மணியக்காரர் வீட்டுப் பெண் வந்து நின்றாள். நான் புல்லில் இறங்கிவிட்டேன். அடுத்து ஒரு டாக்டரின் மகள். அதற்கும் இறங்கினேன்.

குப்பத்துப் பெண் குடத்தைக் கீழே வைத்தாள். “ஏய், நீ எல்லாருக்கும் ஒதுங்கல. எனக்கு ஒதுங்க மாட்டேன்ற. ஆயா பொண்ணுக்கு ஒதுங்க மாட்டேன்ற. மூஞ்சியப் பாத்து ஒதுங்கற!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. நான் ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, எதிரில் நிற்பவள் எந்த வீட்டுப் பெண் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அதற்கு அப்புறம்தான் என் கால் முடிவு செய்திருக்கிறது. இத்தனை வேகமாக வேலை செய்கிற மண்டை கணக்குப் பரீட்சையில் ஏன் வேலை செய்யவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் நானே அவளிடம் போய், “சரி, மூஞ்சியப் பாக்காம எப்படி ஓடறது? கண்ண மூடிக்கினா?” என்றேன்.

“மூஞ்சி எதுக்கு? கையப் பாரு. பந்து கீதா இல்லையான்னு மட்டும் பாரு.”

அதைப் பிடித்துக்கொண்டேன். கழுத்துக்கு மேல் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வந்து நிற்பவளின் கை மட்டும். கை காலியா, நேராகப் போ. கொஞ்ச நாளில் எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மணியக்காரர் மகள், டாக்டர் மகள், யாராக இருந்தாலும் தோளால் தள்ளிக்கொண்டு போனேன். ஒருநாள் அடித்த பந்து தரையில் உருண்டு வர, அதைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஆளையே முட்டிக் குப்புறத் தள்ளிவிட்டேன். அவள் முன்பல் ஆடியது. டீச்சர் விசிலை ஊதி, என்னையே அவுட் என்றார்.

“அவ கை காலி மிஸ்!”

“அடிச்ச பந்த எடுக்கறவளுக்கு நீதான் வழி விடணும். சுத்திப் போ. அங்க மூணு அடி கணக்கு கெடையாது, எவ்வளவு வேணும்னாலும் சுத்திக்க, அவுட் ஆக மாட்ட.”

எனக்குத் தலை சுற்றியது. ஒதுங்கினாலும் அவுட், ஒதுங்காவிட்டாலும் அவுட் என்றால் இது என்ன பேஜார் பிடித்த ஆட்டம்? ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். குப்பத்துப் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க ஏரில யாருனா வலை போட்டுக்கினு இருந்தா தோணிய சுத்திதான் உடணும். எங்கப்பாவா இருந்தாலும் சுத்திதான் உடணும். அவன் பெரிய ஆளுன்னு இல்ல. வலை தண்ணில கீது, அதுக்குதான். வலையத் தூக்கிட்டான்னா அவன் இன்னா, நான் இன்னா, ஏரி ரெண்டு பேருக்கும்தான்.”

ஒரு மனிதனுக்கு வழி விடுவதற்கும் அவன் செய்கிற வேலைக்கு வழி விடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. வேலை செய்கிறவளுக்கு ஒதுங்கு. பந்தோடு வருகிறவளிடமிருந்து மூன்று அடிக்குள் தப்பி ஓடு. வெறுங்கையோடு நிற்கிறவளுக்கு ஒதுங்காதே. இந்த மூன்றும் எனக்குப் புரிந்த பிறகு, நான் அனாவசியமாக அவுட் ஆகவில்லை.

“திருவள்ளூர்ல பயமா?” என்று அவள் கேட்டாள்.

“பயம்தான்,” என்றேன். “நைனா அவங்க ஊட்லதான் வேலை செய்யறாரு. குடிசையும் அவங்க எடத்துலதான் கீது.”

அவள் ஒரு கல்லை எடுத்துத் தூரமாக எறிந்தாள். 

திருவள்ளூர் மேட்ச் அரையாண்டு விடுமுறைக்கு முதல் நாள். எங்களைப் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். மைதானத்து ஓரத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றில் பெரிய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மகளை விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துப் போகக் காரோடு வந்திருந்தார். நான் தாவணியை இடுப்பில் முறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பினேன். பந்தலுக்கு வெளியே புங்கமரத்தடியில், ஒரு தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நைனா நின்றார். பெட்டி தூக்குவதற்காக அவரையும் கூட்டி வந்திருக்கிறார்கள்.

 நைனாவுக்கு நான் ஏதோ பந்து விளையாடுகிறேன் என்று தெரியும். யாரை எதிர்த்து ஆடுகிறேன் என்று தெரியாது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, கையைத் தூக்கப் போனார், பிறகு பந்தல் பக்கம் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

குப்பத்துப் பெண்ணும் பார்த்துவிட்டாள். “வேணும்னா இன்னிக்கு ஒதுங்கிக்க. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு மட்டும் அதைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

ஆட்டம் கடைசிக்கு வந்தபோது நாங்கள் ஒரே ஒரு ரன் பின்னால் இருந்தோம். ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், இன்னொருத்தி போனால் ஆட்டம் முடிந்தது. நான் இரண்டாம் மூட்டையில் நின்றேன். குப்பத்துப் பெண் மட்டையோடு வந்து வலதுபக்கக் கோடிக்கு ஓங்கி அடித்தாள். நான் கிளம்பினேன்.

மூன்றாம் மூட்டைக்கு முன்னால், கோட்டின் மேல் அவள் நின்றாள். அதே மாதிரி, இடுப்பில் ஒரு கை. அந்தப் பக்கம் பந்தைப் பிடிக்கப் போனவள் தவறவிட்டு, புல்லில் தேடிக்கொண்டிருந்தாள். அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு காலியாக இருந்தது. என் இடது கால் இறங்கப் பார்த்தது, அதை இப்போதும் என்னால் உணர முடிகிறது, மண்ணுக்குள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. ‘போடீ’ என்று என்னையே சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

அவள் நகரவில்லை. வம்புக்கு நிற்கவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். நான் இறங்கிவிடுவேன் என்று கடைசிவரை நம்பி நின்றாள். என் தோள் அவள் மார்பில் மோதியது. இரண்டு பேரும் விழுந்தோம். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு விழுந்தேன், அவள் அதற்கு அப்பால் விழுந்தாள். அவள் தலையில் இருந்த டிசம்பர் பூ சிதறிக் கிடந்தது. முழங்கையில் ரத்தம்.

 பந்தலில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

நடுவராக வந்தவர் வெளியூர்க்காரர், ஏதோ ஆண்கள் பள்ளி டிரில் மாஸ்டர். ஓடிவந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, அடி பலமில்லை என்று தெரிந்துகொண்டு, மூன்றாம் மூட்டையைக் காட்டி, “இவளுக்குக் குடுத்தாச்சு! வழிய மறிச்சது அந்தப் பொண்ணு! கையில பந்து இல்ல!” என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

அவள் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. நிஜமாகவே புரியாமல், மரியாதையாக, “அவதானே சார் ஒதுங்கணும்?” என்று கேட்டாள்.

“எதுக்கும்மா ஒதுங்கணும்? உன் கையில பந்து இருக்கா?”

அவள் தன் கையுறையைக் குனிந்து பார்த்தாள்.  பிறகு பந்தலைப் பார்த்தாள். நான் மூட்டையின் மேல் ஏறி நின்றேன்.  புங்கமரத்துப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் மூட்டையை விட்டுக் காலை எடுக்கவில்லை.

அடுத்து மட்டை பிடித்தவள் மூன்று முறை வீசியும் பந்தைத் தொடவில்லை. ஆட்டம் முடிந்தது. நாங்கள் தோற்றோம்.

மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போனபோது நான் நேராகப் புங்கமரத்துக்குப் போனேன். எது வந்தாலும் நைனா தனியாக வாங்கிக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது. எனக்கு முன்பாகவே பெரிய வீட்டுக்காரர் அங்கே வந்துவிட்டார்.

“இன்னாடா, உம் பொண்ணுக்குக் கண்ணு தெரியலையா? ஆளு நிக்கிறது தெரியாம முட்டிக்கினு போறா?”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. நைனா துண்டை இன்னும் இறுக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதுகு எப்போதும் போல வளைந்தது. கண் எப்போதும் போலத் தரைக்குப் போனது. இனி ‘மன்னிச்சிக்கோங்க ஆண்டே’ என்பார், என் தலையைப் பிடித்து அமுக்கிக் கும்பிடச் சொல்வார் என்று நினைத்தேன். அமுக்கினாலும் குனியக் கூடாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டேன்.

“அது கையில பந்து இல்லீங்களே ஆண்டே,” என்றார் நைனா.

அவருக்கு இந்த ஆட்டத்தில் ஒரு அட்சரம் தெரியாது. நடுவர் கத்தியதைக் கேட்டார், அதை அப்படியே எடுத்து, தரையைப் பார்த்தபடி, தணிந்த குரலில் சொன்னார். பெரிய வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நைனா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ‘சரிங்க’ தவிர வேறு பதில் வந்ததில்லை. 

“பெட்டிய எடுத்து வண்டில வெய்யி,” என்றார் கடைசியில்.

நைனா பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் காரின் டிக்கியில் வைத்தார். பின் சீட்டில் பெரிய வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் அவள் முழங்கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் முன்கதவைத் திறந்து, “ஏறு” என்றான்.

“நான் பொண்ணு கூட பஸ்ஸுல வரேன் ஆண்டே,” என்று நைனா உள்ளே பார்த்துச் சொன்னார். பதிலுக்குக் காத்திருக்காமல் என் பக்கம் வந்துவிட்டார்.

இதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறுவடை முடிந்ததும் நைனாவுக்கு வேலை இல்லை என்றார்கள். மனையில் களஞ்சியம் கட்டப் போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். களஞ்சியம் ஒன்றும் கட்டவில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பொறம்போக்கில் ஓலை போட்டுக்கொண்டு இருந்தோம். ஒரு மழைக்காலம் முழுக்க அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகளுக்கு அஸ்திவாரம் தோண்ட ஆள் எடுத்தார்கள். நைனா மண் சுமந்தார், கம்பி வளைத்தார், கடைசியில் ஒரு கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேனாக நின்றார். லாரிகளைக் கையைக் காட்டி நிறுத்துவார். நான் அந்த இடிக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தக் களஞ்சியப் பொய்க்காக எனக்கு இருக்கிற கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்று சாயங்காலம் நானும் நைனாவும் என் அணியோடு பஸ் ஏறினோம். வழியில் டீச்சரும் விடுதிப் பெண்களும் இறங்கிக்கொண்டார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போவதால் நான் இறங்கவில்லை. குப்பத்துப் பெண் இறங்கும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். அப்புறம்தான் நைனா வாயைத் திறந்தார்.

“தோத்துட்டீங்களா?”

“ஆமா நைனா. ஒரு ரன்னுல.”

“அந்த மூட்டைய உனக்குதானே குடுத்தாரு அந்த சாரு?”

“ஆமா.”

“அத அப்புறம் யாருனா புடுங்கினாங்களா?”

“இல்ல. ஆட்டம் முடியற வரைக்கும் அதும் மேலதான் நின்னுகினு இருந்தேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.  புதுவாயலில் இறங்கி டீ குடித்துவிட்டு நடந்தோம். ரோட்டை விட்டு வயலில் இறங்குகிற இடத்தில், வரப்பு தொடங்குகிற இடத்தில், நைனா நின்றுவிட்டார். காலில் முள் குத்திவிட்டதா என்று பார்த்தேன்.

“நீ முன்னால நட,” என்றார்.

எங்கள் வீட்டில் நைனாதான் முன்னால் நடப்பார். எப்போதும் அவர்தான். 

“எதுர்ல யாருனா வந்தா இன்னா பண்றது நைனா?”

“அத முன்னால போறவதான் பாக்கணும்,” என்றார்.

நான் முன்னால் நடந்தேன். நடவு முடிந்த வயலில் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. பின்னால் நைனாவின் காலடி கேட்டுக்கொண்டே வந்தது. அன்று எதிரில் யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன்.